இடி விழும் சீட்டும் ஒரு சோப்பு டப்பாவும்

காலை ஏழு மணிக்குத் தென்காசியில் ரயிலை விட்டு இறங்கினேன். சாரல். ஊரே இதற்காகக் காத்துக் கிடக்கிறது; பை நிறையக் காகிதம் வைத்திருந்த எனக்கோ எரிச்சலாக வந்தது.

எதிர்காலம் சொல்லும் டாரட் சீட்டுக் கட்டு ஒன்றுக்குப் படம் வரைகிறேன். மற்றதையெல்லாம் ஏற்றுக்கொண்ட பதிப்பாளர், பதினாறாம் சீட்டை மட்டும் மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார். இடி விழும் கோபுரம், தெறித்துப் பறக்கும் கிரீடம், தலைகீழாக விழும் இருவர். எல்லாம் இருக்கிறது, பயம்தான் இல்லை என்றார். இன்று மாலைக்குள் அனுப்பாவிட்டால் வேலை வேறு ஓவியருக்குப் போய்விடும்.

ஒரு காலத்தில் இடி விழுந்து பிளந்து நின்ற கோயில் கோபுரம் இங்கே இருப்பதால்தான் வந்தேன். இப்போது எடுத்துக் கட்டி, கம்பீரமாக நிற்கிறது. எதிரே நின்று வரைந்து பார்த்தேன். கோயில் வாசலில் எப்போதும் வீசும் காற்று தாளைப் பிடுங்கியதுதான் மிச்சம்.

கல்லூரித் தோழி ஃபாத்திமா ஸ்கூட்டரில் வந்தாள். கணவர் துபாயில், இவள் இங்கே. படத்தைப் பார்த்து முகம் சுளித்தாள்.

“ஏட்டி, கஷ்டப்பட்டுக் கட்டுனத மறுபடி இடிக்கியே! வா, குத்தாலத்துல குளிச்சா மண்ட தெளியும்.”

ஆறு கிலோமீட்டர். பேரருவியில் பெண்கள் பக்கம் நெருக்கியடித்த கூட்டம், எண்ணெய் வாசனை. தண்ணீர் தலையில் அறைந்தபோதும் மனம் சீட்டை விடவில்லை. திடீரென்று விசில், அடுத்து சைரன். மேலே வெள்ளைத் தண்ணீர் செம்மண் நிறமாகியிருந்தது.

ஃபாத்திமா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். பாதியில் உதறினாள்.

“சோப்பு டப்பா!”

திரும்பி ஓடினாள். எனக்கு உயிரே போய்விட்டது. கத்தினேன், சைரனில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பெண் போலீஸ் ஒருவர் அவள் தோளைப் பற்றி இழுத்தார். அவள் உடம்பு கரைக்கு வந்துகொண்டிருந்தது. கை மட்டும் டப்பாவை நோக்கி நீண்டிருந்தது. டப்பா போயே போய்விட்டது.

நன்றாகத் திட்டினேன். பிறகு டீக்கடையில் ஈர உடையோடு உட்கார்ந்து வரைந்தேன். பாறைதான் கோபுரம், அருவிதான் மின்னல். கிரீடம் இருந்த இடத்தில் சோப்பு டப்பா. விழும் இருவரில் ஒருத்தியின் கை இன்னும் அதற்காக நீண்டிருக்கிறது. போனில் படமெடுத்து அனுப்பினேன்.

மாலை, ரயில் நிலையத்தில் பதில் வந்தது: “பயமாயிருக்கிறது. இதுதான் வேண்டும்.” துள்ளிக் குதித்து ஃபாத்திமாவிடம் காட்டினேன்.

“இதுல பயப்பட என்னட்டி இருக்கு?” என்று படத்தையே பார்த்தாள். “அவரு கடைசியா வந்துட்டுத் துபாய்க்குப் போகும்போது விட்டுட்டுப் போன டப்பா அது. மூணு வருசமாச்சு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ரயில் நகர்ந்தது. சென்னை வரும்வரை அந்தப் படத்தை நான் மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை.