மேஜரின் எச்சில்

லிப்ட்காரர் குடியிருக்கும் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. ஊரார் வீட்டு லிப்டுகளையெல்லாம் பழுது பார்த்துவிட்டு, மாலையில் முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வருவார். அவர் மனைவி இதைச் சொல்லிச் சிரிக்காத வாரம் இல்லை. அவரும் சேர்ந்து சிரிப்பார். அவரால் சிரிக்க முடியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது நாய் சம்பந்தப்பட்டது.

நாயின் பெயர் கிரீஸ். ஓர் அலுவலகக் கட்டடத்தில், லிப்ட் கூண்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் கிடைத்த குட்டி. எப்படி விழுந்ததோ, எண்ணெய்ச் சேற்றில் முங்கிக் கிடந்தது. மெயின் சுவிட்சை அணைத்து, கதவில் 'உள்ளே ஆள்' என்ற பலகையை மாட்டி, குழிக்குள் இறங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஏறினார். வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்ததில் மற்ற இடமெல்லாம் பழுப்பாக வெளுத்தது. முதுகுக் கறுப்பு மட்டும் போகவில்லை.

"தோலை உரிச்சிடாதீங்க. அது அதோட கலரு" என்றாள் மனைவி.

அந்தக் கறுப்பு முதுகுதான் பின்னால் வினையானது.

மகளைக் கொடுத்த இடம் கொஞ்சம் பெரிய இடம். சம்பந்தி ஓய்வுபெற்ற சர்வேயர். நிலத்தை அளந்த பழக்கத்தில் மனிதர்களையும் ஒரே பார்வையில் அளந்து, எல்லைக்கல் நட்டுவிடுவார். அவர் வீட்டில் மேஜர் என்றொரு ஷெப்பர்டு நாய். "இவங்க தாத்தா கண்காட்சியில பரிசு வாங்கினவரு" என்று நாயின் தாத்தாவுக்கும் மரியாதை கொடுத்துப் பேசுவார். முதல் தடவை பேச உட்கார்ந்தபோதே, "உங்க வீட்லயும் நாய் இருக்காமே, என்ன ஜாதி?" என்று கேட்டார்.

"அதுவும் ஷெப்பர்டுதாங்க. அம்மா வழி."

எப்படி அந்த வார்த்தை வந்தது என்று லிப்ட்காரருக்கே தெரியாது. வீடு திரும்பும் வழியில் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"அம்மா வழியா? நீங்க அந்தம்மாவைப் பார்த்துப் பேசிட்டு வந்தீங்களாக்கும்?"

"முதுகு கறுப்பா இருக்குல்ல?"

"நம்ம வாணலிகூடத்தான் கறுப்பா இருக்கு. அதுவும் ஷெப்பர்டா?"

கல்யாணம் முடிந்தது. அம்மா வழிக் கதையை மாப்பிள்ளை உண்மையென்றே நம்பிவிட்டார். மாமனாரின் பிறந்தநாளுக்கு ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்தார். உள்ளே பஞ்சு சுற்றிய குச்சி இரண்டும் ஓர் உறையும்.

"டி.என்.ஏ. டெஸ்ட், மாமா. கன்னத்துக்குள்ள தேய்ச்சு அனுப்பினாப் போதும். கிரீஸோட வம்சமே வந்துடும். அப்பாவுக்கும் ஆசையா இருக்கு, பார்க்கணும்னு."

அப்பாவுக்கு ஏன் ஆசை என்று லிப்ட்காரருக்குப் புரிந்தது. பெட்டியை அலமாரி மேல் வைத்தார். மகள் கேட்டபோதெல்லாம் "வேலைம்மா, நேரமே இல்ல" என்றார்.

இந்த நிலையில் சம்பந்தி வீட்டார் எல்லோரும் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனார்கள். மேஜரை இவர்கள் வீட்டில் விட்டுப் போனார்கள். மேஜர் தன் மெத்தை, தன் துண்டு, தன் கிண்ணம் சகிதம் வந்து இறங்கியது. வந்ததிலிருந்து காதைச் சொறிந்துகொண்டே இருந்தது.

"பெரிய வம்சம்தான், சொறியும் பெருசா இருக்கே" என்றாள் மனைவி.

அவள் கடைக்குப் போயிருந்த நேரம். லிப்ட்காரர் கதவைத் தாழிட்டார். வாரம் ஒருமுறை குச்சியால் உதட்டை விலக்கிப் பல் பார்ப்பதற்காகக் கிரீஸுக்கு "ஆ காட்டு" என்று பழக்கியிருந்தார். குச்சியைக் கண்டதும் அது தானாக வந்து உட்கார்ந்து, வாயைப் பிளந்தது. அவர் அதைத் தாண்டிப் போய், மேஜரின் கன்னத்துக்குள் குச்சியை விட்டுத் தேய்த்தார். மேஜர் சாதுவாக நின்றது. கிரீஸ் தன் முறை வரும் என்று வாயைத் திறந்தபடியே காத்திருந்தது. உறைமேல் 'கிரீஸ்' என்று எழுதும்போது அவருக்குக் காது சுட்டது.

முடிவு மாப்பிள்ளையின் செல்போனுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவர் உரக்கப் படித்தார்.

"ஷெப்பர்டு பாதி. மீதியில நாலஞ்சு இனம். இன்னதுன்னு பிரிக்க முடியாத கலப்பும் இருக்கு."

சர்வேயர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாதி தேறிடுச்சே, சம்பந்தி! நான் கிரீஸ் காதைப் பார்த்தப்பவே நினைச்சேன். எங்க மேஜர் காதைப் பாருங்க. அதுல தெரியும் ஜாதி."

லிப்ட்காரர் மேஜரின் காதைப் பார்த்தார். ஒரு கணம் அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது. தேநீர்த் தட்டோடு நின்ற மகளின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. அவள் இந்த வீட்டில் வாழ வேண்டியவள்.

"இன்னொண்ணு, மாமா" என்றார் மாப்பிள்ளை. "கிரீஸுக்கு ஒரு மரபணுக் கோளாறு இருக்காம். சொறிக்குப் போடுற ஒரு மருந்து அதுக்கு ஆகவே ஆகாது. மூளைக்கு ஏறிடும், உயிருக்கே ஆபத்துன்னு போட்டிருக்கு." மருந்தின் பெயரையும் படித்தார்.

"அட, அதைத்தான் நாளைக்குக் காலைல மேஜருக்கு ஊசி போடப்போறாங்க" என்றார் சர்வேயர். "டாக்டர்கூட, ஷெப்பர்டுல சிலதுக்கு ஒத்துக்காது, டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாம்னார். வேணாம்னுட்டேன். நம்ம வம்சம் நமக்குத் தெரியாதா?"

"எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துட்டு…" என்று இழுத்தார் லிப்ட்காரர்.

"கலப்பு நாய்க்குத்தான் சம்பந்தி, இந்தக் கோளாறெல்லாம்."

லிப்ட்காரர் எழுந்து பின்கட்டுக்குக் கைகழுவப் போனார். மனைவி பின்னாலேயே வந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கேட்டாள்:

"மேஜர் நம்ம வீட்ல இருந்தப்பதானே குச்சியைத் தேய்ச்சீங்க?"

அவர் கையையே கழுவிக்கொண்டிருந்தார்.

"போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா அசிங்கம் இரட்டிப்பாயிடும்."

குழிக்குள் ஆள் இருக்கும்போது சுவிட்சைப் போடுகிறவனை அவர் தொழிலில் மனுஷனாகவே சேர்க்க மாட்டார்கள். அவரே ஓர் உதவியாளைக் கைநீட்டி அடித்திருக்கிறார், அதற்காக. கையைத் துடைக்காமலேயே கூடத்துக்கு வந்தார்.

"அந்த எச்சில் கிரீஸோடது இல்லீங்க. மேஜரோடது. நான்தான் மாத்தி வச்சேன். நாளைக்கு ஊசி போட்டுடாதீங்க."

சர்வேயருக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் முதலில் கேட்டது, "அப்ப மேஜர் கலப்பா?" என்றுதான். சம்பந்தியம்மா, "அது கிடக்கட்டும், ஊசி!" என்று கத்தினாள். அப்புறம்தான் அவர் கை மேஜரின் கழுத்துப்பட்டையைத் தேடிப் போனது. மாப்பிள்ளை டாக்டருக்குப் போன் போட வெளியே போனார். போகும்போது மாமனாரைப் பார்க்கவில்லை.

மகள்தான் கேட்டாள். "ஏம்ப்பா?"

"இவங்க முன்னாடி உனக்குத் தலைகுனிவு வந்துடக்கூடாதுன்னு…"

"இப்ப வந்துடுச்சே" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மகள் போனில் சொன்னாள்: டாக்டர் வேறு மருந்து கொடுத்துவிட்டார், மேஜர் நன்றாக இருக்கிறது. சம்பந்தி பக்கத்தில்தான் இருந்தார் போலிருக்கிறது, கனைப்பு கேட்டது. பேச வரவில்லை. லிப்ட்காரரும் கூப்பிடச் சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டு, அலமாரி மேலிருந்த பெட்டியைக் குப்பையில் போட எடுத்தார். மிச்சமிருந்த குச்சி கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுப்பதற்குள் கிரீஸ் ஓடி வந்து எதிரே உட்கார்ந்து, வாயைப் பிளந்தது.

"மூடுடா வாயை" என்றார்.

அது மூடவில்லை.