பதினைந்துக்கு ஏழு

பீர்க்கன்கரணை வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர் டேங்க் நிறைந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்கப் போன என் வீட்டுக்காரர், ஏணியோடு சேர்ந்து கீழே வந்தார். தலையில் அடி. ஆஸ்பத்திரி ஐ.சி.யூ. வாசலில் என்னை நிற்க வைத்து டாக்டர் சொன்ன முதல் வார்த்தை, "ஏழு."

"எதுக்கு சார் ஏழு?"

"கோமா ஸ்கேல்மா. கண் திறக்கிறாரா, பேசுறாரா, சொன்னா கைகாலை அசைக்கிறாரா, எல்லாத்துக்கும் மார்க் மாதிரி போடுவோம். மொத்தம் பதினஞ்சு."

மார்க் என்று என்னிடமா சொல்வது? நான் கணக்கு டீச்சர். அந்தப் பயத்திலும் விடாமல் பிரித்துச் சொல்லச் சொன்னேன். கண்ணுக்கு நாலில் ஒன்று, பேச்சுக்கு ஐந்தில் இரண்டு, அசைவுக்கு ஆறில் நாலு. பூஜ்யமே கிடையாதாம், ஒன்றுமே செய்யாமல் கிடந்தாலும் மூன்று உண்டாம். அடக் கொடுமையே, எங்கள் பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு தாராளம் கிடையாது.

"பொழைச்சு எழுந்து பழையபடி ஆயிடுவாரா சார்? அதைச் சொல்லுங்க."

"இந்த ஒரு நம்பரை வச்சு ஜோசியம் சொல்ல முடியாதும்மா. ஸ்கேன் பார்க்கணும், கண் பாப்பா பார்க்கணும், வயசும் முக்கியம். அறுபத்திரண்டுன்னு போட்டிருக்கு..."

"ஐயோ, அது சர்டிஃபிகேட் வயசு சார்! ஸ்கூல்ல சேர்க்கிறதுக்காக அவங்கப்பா ரெண்டு வருஷம் ஏத்திப் போட்டுட்டாரு. நிஜ வயசு அறுபதுதான். கொஞ்சம் பார்த்துப் போடுங்க."

"மூளைக்கு சர்டிஃபிகேட் எல்லாம் தெரியாதும்மா" என்றார் டாக்டர்.

என் நாத்தனார் சும்மா இருப்பாரா? சபை வாட்ஸ்அப் குரூப்பில் 'தம்பிக்குப் பதினைந்துக்கு ஏழு. ஜெபிக்கவும்' என்று போட்டுவிட்டார். உடனே ஒரு புண்ணியவான், 'பரவாயில்லை சிஸ்டர், டியூஷன் வைங்க' என்று பதில் போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை விட்டெறிந்திருப்பேன். அதற்குள் சிரிப்பு வந்து தொலைத்தது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

அப்புறம் வாயில் குழாய் போட்டார்கள். குழாய் இருக்கும்வரை பேச்சுக்கு மார்க் போட முடியாதாம். ஹார்டுவேர் கடையில் நாளெல்லாம் ஓயாமல் பேசுகிற மனுஷனுக்கு இந்தக் கதி! கண்ணுக்கும் கைக்கும் மட்டும் மெல்ல மெல்ல மார்க் ஏறியது. குழாயை எடுத்த மறுநாள் கண்ணுக்கு நாலு, அசைவுக்கு ஆறு, இரண்டும் முழுசு. பேச்சு ஒன்றுதான் பாக்கி. ஆள் பழைய ஆளா என்பது அதில்தானே தெரியும்?

டாக்டர் பக்கத்தில் நிற்க, நர்ஸ் குனிந்து கேட்டாள். "அங்கிள், உங்க வயசு என்ன?"

"அறுவது."

நர்ஸ் சார்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "வீடு எங்க?"

"தாம்பரம்."

"ரெண்டும் தப்பு டாக்டர். குழப்பமா பேசுறார். பேச்சுக்கு நாலுதான்."

எனக்கு வந்ததே கோபம். "என்னம்மா தப்பு? வயசு கதையை அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லியாச்சு. பீர்க்கன்கரணைன்னா யாருக்குத் தெரியும்? வெளியாளுங்க கேட்டா எங்க தெருவே தாம்பரம்னுதான் சொல்லும். டாக்டர், உங்க வீடு எங்க?"

"தாம்பரம்" என்றார் டாக்டர்.

"தாம்பரத்துல எங்க?"

நெளிந்தார். "அஸ்தினாபுரம்."

நர்ஸ் களுக்கென்று சிரித்துவிட்டாள். டாக்டரும் சிரித்துக்கொண்டே இவரிடம் திரும்பினார். "தாம்பரத்துல எங்க சார்?"

"பீர்க்கன்கரணை. ஏரி பக்கம்."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரில."

"இவங்க யாரு?" என்று என்னைக் காட்டினார்.

இவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்கூட்டு டீச்சரம்மா. இந்தக் கத்து வேற யாரு கத்துவா?"

"பதினஞ்சு" என்றார் டாக்டர்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். இவர் பயந்துபோய் மெதுவாக என் கையைப் பிடித்தார்.

"நூத்துக்குப் பதினஞ்சுதானா? அய்ய, அழுவாத டீச்சரு. இனிமே நல்லா படிக்கிறேன்."