தொப்பி வில்லையின் பின்பக்கம்

அந்த வில்லையை டாக்டர் முதலில் திருப்பித்தான் பார்த்தார். பட்டாளத்துக்காரர்கள் தொப்பியில் குத்திக்கொள்ளும் பித்தளைச் சின்னம் அது, உள்ளங்கையில் அடங்கிவிடும். டாக்டர் இப்போது இல்லை. கே.கே. நகரில் அவருடைய கிளினிக்கில் நான் பதினோரு வருஷம் லேப் பார்த்தேன். இளவயதில் கொஞ்சகாலம் ராணுவ மருத்துவமனையில் இருந்தவர். அங்கே தொற்றிக்கொண்ட பழக்கம், மேஜை இழுப்பறை நிறையத் தொப்பி வில்லைகள். எந்தப் படை, எந்தக் காலம், லண்டனில் அடித்ததா, நம் நாட்டுப் பட்டறையில் அடித்ததா என்று லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்வார். "முன்பக்கம் பாக்கிறவுகளுக்கு. செஞ்சவன் பின்பக்கந்தான் இருப்பான்" என்பார்.

அன்று அதைக் கொண்டுவந்தவர், சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்க ஒத்தக்கடையிலிருந்து வரும் டீச்சரம்மா. ஓய்வு பெற்றபின் வீடு கட்டி, அடுத்த வாரம் பால் காய்ச்ச இருந்தார். கூலிக்கு வயலில் இறங்கிய குடும்பத்திலிருந்து முதலில் வெளியே போனவர் அவருடைய தாத்தா. வெள்ளைக்காரன் பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்தவர் என்பதுதான் அந்த வீட்டின் பெருமை. வில்லையிலும் இரண்டு துப்பாக்கிகள் குறுக்காக இருப்பதாகச் சொன்னார். வருஷா வருஷம் பொங்கலுக்குப் புளி போட்டுத் தேய்த்ததில் அவை வெறும் கோடுகளாகியிருந்தன.

"எந்த ரெஜிமெண்டுன்னு சொன்னீகன்னா வாசக் கல்லுல வெட்டிரலாம் டாக்டர். கல்லுக்காரரு காத்துக்கிட்டிருக்காரு."

அச்சில் அடித்த வில்லையில் முன்பக்கத்து மேடெல்லாம் பின்பக்கம் குழியாக இருக்கும். குழிக்குள் புளி பட்டதில்லை, எதுவும் தேயவில்லை. ஓரத்தில் கல்கத்தாப் பட்டறை ஒன்றின் முத்திரைகூடத் தெரிந்தது. டாக்டர் லென்ஸை என்னிடம் நீட்டினார். துப்பாக்கி இல்லை. ஒன்று கோடாரி, மற்றது மண்வெட்டி.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட ரிப்போர்ட்டைச் சொல்லும் முன் அவர் செய்வது அது. சொல்லாமல் விட்டுவிட மாட்டாரா என்றிருந்தது எனக்கு.

"அசல்தாம்மா. ஆனா சண்டை போட்ட படை இல்ல. பாதை வெட்டுன படை. ரோடு, பாலம்..."

டீச்சரம்மா லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"அங்க போயுமா மம்பட்டி?"

வில்லையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, மாத்திரைச் சீட்டைக்கூட வாங்காமல் போய்விட்டார். "பொய் சொல்லிருக்கலாமோ?" என்று மத்தியானம் டாக்டர் என்னிடம் கேட்டார்.

பால் காய்ச்சுவதற்கு முதல்நாள் டீச்சரம்மா பத்திரிகையோடு வந்தார். இருவரும் கட்டாயம் வரவேண்டும் என்றார். டாக்டர் தயங்கித் தயங்கி, கல் என்னவாயிற்று என்று கேட்டார்.

"வெட்டியாச்சு டாக்டர். பாதை வெட்டுன படைன்னே போடச் சொல்லிட்டேன்" என்றவர், நாற்காலியில் உட்கார்ந்தபிறகு சொன்னார்: "எங்க அப்பா காலத்துலகூட, மம்பட்டி புடிக்கிற எங்காளுக பண்ணைக்காரக முன்னால தலையில துண்டு கட்டக் கூடாது. அவுத்துக் கக்கத்துல வச்சுக்கிறணும். எங்க தாத்தா தொப்பி போட்டுக்கிட்டுல்ல மம்பட்டி புடிச்சிருக்காரு!"