மணி தாறுமாறாக அடித்த பிற்பகல்

லாஞ்சு வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், “கடலில் பயந்ததுண்டா?” என்று கேட்கிறார்கள். உண்டு. ஆனால் அன்று நான் கடலையே பார்க்கவில்லை.

பினாங்குத் துறைமுகத்தில் நீராவி லாஞ்சுக்கு எஞ்சின் டிரைவரானேன். என் வேலை அடித்தட்டில், பாய்லர் பக்கத்தில். மேலே சக்கரம் பிடிக்கும் சேராங் ஒரு கம்பியை இழுத்தால் கீழே என் தலைக்கு மேல் மணி அடிக்கும். ஒரு மணி என்றால் முன்னே, இரண்டு என்றால் நிறுத்து, மூன்று என்றால் பின்னே. மணி சொன்னபடி வால்வைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான்.

சேர்ந்த வருஷமே அது நடந்தது. கப்பலில் வந்து, நோய்த்தடுப்பு முகாமில் தனியே வைக்கப்பட்ட நாள்களை முடித்த தோட்டக் கூலி ஜனங்களை ஜெரெஜாக் தீவிலிருந்து ஊருக்கு ஏற்றி வந்தோம். சேராங் காதர் பாய், சூலியா தெருக்காரர். பாதி வழியில் சுமத்ரா பக்கமிருந்து காற்று மோதியது. லாஞ்சு சாய்ந்தது. மேலே ஒரே கூச்சல். ஏணி வழியாகத் தண்ணீர் கொட்டியது.

மூன்று மணி அடித்தது. வால்வைத் தொடுவதற்குள் ஒன்று. அப்புறம் இரண்டு. அப்புறம் எண்ணவே முடியவில்லை.

“பாய்! என்ன செய்யச் சொல்றீங்க?” என்று கத்தினேன். 

ஏணி வாயில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. பயணிகளில் ஒருத்தி. “அண்ணே, ஓட்டுறவரு விழுந்து கெடக்காரு!”

“அப்ப மணிய யாரும்மா அடிக்கிறா?”

“தெரியலண்ணே. எல்லாரும் மேல ஒரு கம்பியப் புடிச்சுத் தொங்குறாங்க!”

அது மணிக் கம்பிதான். இத்தனை மணியில் பாய் அடித்தது எது? ஒன்றாவது உண்டா? லாஞ்சு நின்றால் அலை பக்கவாட்டில் அடித்துக் கவிழ்த்துவிடும் என்று தெரியும். ஆனாலும் மணியை மீறி நான் வால்வைத் தொட்டதே இல்லை.  “அருள் நிறைந்த மரியே” என்று தொடங்கினேன். பாதியில் வார்த்தை மறந்தது. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மறுபடி மறந்தது. எந்த வழியும் புலப்படவில்லை. எப்போது என்று தெரியாது, கை மட்டும் போய் வால்வை முன்பக்கம் திருப்பியிருந்தது.

“எந்திரிச்சிட்டாரு! சக்கரத்தப் புடிச்சிட்டாரு!” என்றாள் அவள்.

“நீ உள்ள போயிரும்மா, அலை இழுத்துரும்.”

“நான் போயிட்டா உங்களுக்கு யாரு சொல்றது? முருகன் இருக்கான், ஓட்டுங்கண்ணே!” அழுதுகொண்டேதான் சொன்னாள். பாய் மேலே கத்தியதையெல்லாம் கீழே எனக்குக் கத்தினாள். “மெதுவாவாம்!” “இன்னும் கொஞ்சம் வேகமாம்!” மணி அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

எல்லோரும் உயிரோடு கரை சேர்ந்தோம். காதர் பாய் நெற்றியில் ரத்தத்தோடு இறங்கி வந்தார். “மணியக் கேட்டு நிப்பாட்டியிருந்தா அத்தன பேரும் மவுத்துதான். எப்பிடித் தம்பி தோணுச்சு?”

“தெரியல பாய்.”

அந்தப் பெண்ணைத் தேடினேன். கூட்டத்தோடு அவளையும் தோட்டத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். பேர்கூடக் கேட்கவில்லை.

ஜெபித்தால் பயம் போகும், பிறகு தைரியம் வரும் என்றுதான் கோயிலில் கேட்டிருந்தேன். எனக்குப் பயம் கரை வரைக்கும் போகவில்லை. இது என்ன தைரியம் என்று இன்றும் குழப்பம்தான். பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது இதுதான்: ஜெபத்தைத் தொடங்குங்கள். பாதியில் கை வேலைக்குப் போனால் விட்டுவிடுங்கள். மீதியை ஆண்டவர் தெரிந்துகொள்வார்.