யானை வேலியும் அம்மாவின் சின்ன ரேடியோவும்

டிக்... டிக்... டிக்...

ஈரச் செம்பனை மட்டையின் வாசம், ஆறிப்போன மைலோ, கூடவே இந்தச் சத்தம். ஆறாம் வகுப்பு ஆண்டிறுதி லீவு என்றால் எனக்கு இவைதான் நினைவுக்கு வரும்.

என் தோழிகள் மெர்சிங் போய்த் தீவுக்குப் படகு ஏறினார்கள். நான் காஹாங் பக்கத்தில் ஒரு கேபினுக்குள் கதைப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் ஆபீஸ் அதுதான்.

அம்மா அரசாங்கத்தில் வானியல் ஆராய்ச்சியாளர், ஒரு சின்னக் குழுவுக்குத் தலைவர். வானியல் என்றதும் எல்லாரும் இரவையும் தொலைநோக்கியையும் நினைப்பார்கள். அம்மாவின் குழு பகலில்தான் வேலை செய்யும். சூரியனிலிருந்து வரும் ரேடியோ அலைகளை ஆன்டெனா வைத்துப் பிடிப்பார்கள். அதற்கு மற்ற ரேடியோ சத்தம் அதிகம் இல்லாத இடம் வேண்டும். ஜொகூர் மாநிலம் முழுக்க அலைந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது அம்மாதான்.

மழைக்காலம் தொடங்கியதும் ஸ்பீக்கரில் அந்த டிக் வர ஆரம்பித்தது. திரை முழுக்க ஊசி ஊசியாகக் கோடுகள். சூரியன் அவற்றுக்குப் பின்னால் காணாமல் போய்விட்டது.

அந்த வாரம் பார்த்து, அம்மாவின் மேலதிகாரி, தலைமை ஆபீஸ் இருக்கும் புத்ராஜெயாவிலிருந்து வருவதாக இருந்தது. டத்தோ பட்டம் வாங்கியவர் என்பதால் எல்லாருக்கும் அவர் டத்தோதான். இடம் சரியில்லை என்று அவர் சொல்லிவிட்டால் கேபினை மூடிக் குழுவைக் கோலாலம்பூருக்கு மாற்றிவிடுவார்கள். அப்பாவுக்கு வேலை சிங்கப்பூரில், வாரக் கடைசியில்தான் வருவார். அம்மாவும் போய்விட்டால் நான் சித்தி வீட்டில். அம்மா இதை என்னிடம் மறைக்கவில்லை.

அந்தக் குழுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எது தப்பாகப் போனாலும் முதல் குற்றவாளி நம்ம சாமான்தான். கருவிகளைக் கவனிப்பது அஸ்லான் அபாங்; மலாயில் அபாங் என்றால் அண்ணன். ரிசீவரைக் கழற்றி மாட்டினார். கேபிள்களை மாற்றினார். என் கைக்கடிகாரத்தைக்கூட வாங்கிக் காருக்குள் வைத்தார்.

டிக்... டிக்...

"அக்கா, டத்தோ வர்ற அன்னைக்கு மழை இல்லாம இருந்தா போதும். வெயில் அடிச்சா இது வர்றதே இல்ல," என்றார் குழுவில் இன்னொருவரான சரவணன் அங்கிள். வேலை நேரத்தில் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார். பயம் வந்தால் 'அக்கா' ஆகிவிடும்.

"மழைக்கு லீவு அப்ளை பண்ணப் போறியா?"

"அதில்லக்கா... நாமளா எதுக்குச் சொல்லணும்னு கேக்குறேன்."

அம்மா ஸ்பீக்கரை அணைத்தார். "இத மறைச்சிட்டு, அப்புறம் நான் சூரியனப் பத்தி என்ன சொன்னாலும் யாரு நம்புவா, சரவணா?"

போனை எடுத்து டத்தோவிடம் மலாயில் சொல்லிவிட்டார். சத்தம் இருக்கிறது, காரணம் இன்னும் தெரியவில்லை என்று. சரவணன் அங்கிள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். என் மடியில் புத்தகம் திறந்தே கிடந்தது. ஒரு வரிகூட ஏறவில்லை.

டத்தோ வந்த அன்று நல்ல மழை.

ஹெட்போனில் கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "இடம் பாக்கும்போது இது இல்லையா?" என்று மலாயில் கேட்டார்.

"இல்ல டத்தோ. நாங்க வந்து பாத்ததெல்லாம் வெயில் மாசத்துல..."

அம்மா பாதியில் நிறுத்திவிட்டார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அங்கே யானை வேலி. செம்பனைக் குருத்தைத் தின்ன யானைகள் வராமல் இருக்க, தோட்டத்தைச் சுற்றிப் போட்டிருந்த மின்கம்பி. கம்பியில் மின்சாரம், அந்த டிக் போலவே, விட்டு விட்டு ஓடும். தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே வருவோம்.

சமையல் மேசையில் செய்தி கேட்க வைத்திருந்த சின்ன ரேடியோவை அம்மா எடுத்தார். எந்த ஸ்டேஷனும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தினார்.

"என்ன டாக்டர், இப்பப் போயி பாட்டா?"

"வா சரவணா, நடக்கலாம்."

சேற்றில் வேலியோரமாக நடந்தோம். டத்தோவும் ஆபீஸ் சப்பாத்துக் காலோடு வந்தார். என் வேலை, ரேடியோவுக்குக் குடை பிடிப்பது. நடக்க நடக்க ரேடியோவில் அந்த டிக் சத்தம் பெரிதானது. ஒரு திருப்பத்தில், மழையில் கனத்துச் சாய்ந்த ஒரு மட்டை கம்பிமேல் கிடந்தது. அதன் நுனியில் ஒரு நீலப் பொறி.

டிக்.

ஈர மட்டை வழியாக மின்சாரம் கசிந்திருக்கிறது. வெயிலில் மட்டை காய்ந்துவிடும், சத்தமும் நின்றுவிடும். அம்மா தோட்ட ஆபீஸுக்குப் போன் போட்டார். அவர்கள் வந்து கம்பியின் மின்சாரத்தை நிறுத்தி, மட்டையை வெட்டி, திரும்ப மின்சாரம் விட்டார்கள்.

ரேடியோவில் ஸ்ஸ்ஸ் மட்டும். தூரத்தில் கேபின் வாசலில் அஸ்லான் அபாங் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

டத்தோ சேறு அப்பிய தன் சப்பாத்தைப் பார்த்தார். "அலமாக், இதுக்கா ரிசீவரக் கழட்டினீங்க? ஒரு மட்டைக்காக நான் இடத்த மூட முடியாது லா."

அம்மா என் தோளில் கை வைத்தார். கை நல்ல கனம். அப்போதுதான் அவர் எவ்வளவு பயந்திருந்தார் என்று தெரிந்தது.

இப்போது நான் ஃபார்ம் ஃபைவ், பள்ளியில் பதினோராவது வருடம். கேபின் அங்கேயேதான் இருக்கிறது. மழை பெய்த காலைகளில் யாராவது ஒருவர் ரேடியோவோடு வேலியை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்துதான் ரிசீவரைப் போடுவார்கள். சரவணன் அங்கிள் போகும் நாளில் மட்டும் பாட்டு ஓடும் என்று கேள்வி.

நேற்றும் மழை. பள்ளி வாசலில் அம்மாவின் கார், காருக்குள் தரையெல்லாம் சேறு. உள்ளே அதே சின்ன ரேடியோ கிடந்தது. டிக் வருகிறதா என்று போட்டுப் பார்த்தேன். காஹாங்கில் நடப்பது இங்கே கேட்காது, தெரியும்.

ஸ்ஸ்ஸ்...

"அத ஆஃப் பண்ணும்மா, காது வலிக்குது," என்றார் அம்மா.

வீடு வரைக்கும் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.