நாற்பத்து நாலு பவுண்டு

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் அழுத்தத்தை யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மருந்தடிக்கும் மெஷினுக்குக் கிலோ, வண்டி டயருக்குப் பவுண்டு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கா, சதுர அங்குலத்துக்கா என்பதெல்லாம் யாருக்கும் வேண்டாம். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் இயற்பியல் வாத்தியார். அழுத்தத்தின் அலகு பாஸ்கல் என்று இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதுகிறவன். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் பாஸ்கலைச் சீந்த ஆளில்லை.

ஓடைப்பட்டியில் தங்கை வீட்டுக்காரருக்குத் திராட்சைத் தோட்டம். போன ஐப்பசியில் விடாத மழை. பக்கத்துத் தோட்டங்களில் இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்து, பிஞ்சுக் குலைகள் கருகிக்கொண்டிருந்தன. மழை வெறித்த அன்றே மருந்தடித்தால்தான் இவருடையது தப்பும். மெஷினில் பழைய மீட்டர் உடைந்து புதிது மாட்டியிருந்தார். அதில் பவுண்டு மட்டும்தான் போட்டிருந்தது.

"எப்பவும் இருபது கிலோ வப்போம் மச்சான். இதுல எவ்வளவு?"

"கிலோவுக்கு ரெண்டு புள்ளி ரெண்டு பவுண்டு. நாப்பத்தி நாலு வைங்க மாப்ள." மனக்கணக்காகவே சொல்லிவிட்டதில் எனக்கு ஒரே மிதப்பு.

மருந்தடிக்க வந்தவர் குழாயைத் திறந்து பார்த்துவிட்டுத் தயங்கினார். "சார், முள்ளே எந்திரிக்கல. பனியா வராம ஒழுகுது. இலைக்கு அடியில ஏறாது."

"மீட்டர் பொய் சொல்லாது. அடிங்க."

"வாத்தியாரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று மாப்பிள்ளையும் சேர்ந்துகொண்டார். வந்தவர் தோட்டம் முழுக்க இலைகளின் மேல்பக்கத்தை மட்டும் குளிப்பாட்டிவிட்டுப் போனார்.

எட்டாம் நாள் இலையைத் திருப்பினால் அடியெல்லாம் வெள்ளை. பாதிக் குலைக்கு மேல் போய்விட்டது. அன்றுதான் காகிதத்தில் கணக்குப் போட்டேன். கிலோவைப் பவுண்டாக்கிய நான், சதுர சென்டிமீட்டரைச் சதுர அங்குலமாக்கவில்லை. முந்நூறுக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பையன் இப்படி எழுதியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் தோட்டத்துக்குப் போய் மாப்பிள்ளையிடம் ஒப்புக்கொண்டேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. கருகிய குலையை வெட்டிக் கீழே போட்டபடி, தலை நிமிராமல் கேட்டார்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் நீங்கதான் சொல்லிக் குடுக்கிறீகளா மச்சான்?"