தொட்டியின் அடியில் தின்னர்

வீட்டை உடைத்துப் புதுப்பிப்பவர்களின் குப்பையை லோரியில் ஏற்றும் தொழிலில் ஒரு வசதி உண்டு: யார் உண்மை பேசுகிறார் என்று யோசிக்கவே வேண்டாம், யாருமே பேசமாட்டார்கள்.

எஸ்பிஎம் பரீட்சை முடித்தேன். மேலே படிக்கப் பிடிக்கவில்லை. செல்வம் அண்ணனோடு லோரியில் போகிறேன். உடைக்கிற வீட்டு வாசலில் பெரிய இரும்புத் தொட்டியை இறக்குவோம். நிறைந்ததும் தூக்கிப் போய் அனுமதி உள்ள இடத்தில் கொட்டுவோம். கல், ஓடு சரி. சாயம், அதைக் கரைக்கும் தின்னர், ஈர சிமெண்ட் கூடாது. ஒழுகினால் தெருவோரச் சாக்கடையான லோங்காங்கில் இறங்கும், அங்கிருந்து ஆற்றுக்கு. பிடிபட்டால் லோரியைப் பறித்துவிடுவார்கள். அண்ணனுக்கு இருப்பது ஒரே லோரி. அதனால் தூக்குவதற்கு முன் தொட்டியைக் கிளறிப் பார்ப்பது என் வேலை. வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு மீதியை விளக்கத் தேவையில்லை.

சுத்தக்காரர்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். பின்சந்து லோங்காங் பால் மாதிரி வெள்ளையாக ஓடியது. வேலையை எடுத்திருந்த குத்தகைக்காரர் சிமெண்ட் குழைத்த வாளிகளை அதில்தான் அலசிக்கொண்டிருந்தார். "அண்ணே, அலசுன தண்ணிய ஒரு டிரம்முல விட்டு வைங்க. சிமெண்ட் அடியில தங்கிக் காஞ்சிடும், கட்டியா எடுத்துத் தொட்டியில போடலாம்" என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கையைப் பிடிக்காத குறையாகக் கடைக்குள் கூட்டிப்போய்த் தரையைக் காட்டினார்.

"பாரு தங்கச்சி, ஒரு சொட்டு இருக்கா? நான் ரொம்ப சுத்தம் பாக்குறவன் லா."

அடுத்த வீட்டு அன்பு

ஒரு வாசலில் தொட்டியை இறக்கினால் அது அந்த வீட்டுக்கு மட்டும் என்று நினைப்பது நானும் அண்ணனும்தான். சுபாங் ஜெயாவில் ஓர் ஆன்டி சமையலறையை உடைத்தார். தொட்டியில் இரண்டு மெத்தை, ஒரு சோபா, ஒழுகுகிற கார் பேட்டரி. எதுவும் தன்னுடையது இல்லை என்று சத்தியம் செய்தார். பக்கத்து வீட்டு காரின் பானெட் திறந்திருந்தது, கீழே புது பேட்டரியின் அட்டைப்பெட்டி. துப்பறிய அதில் ஒன்றுமே இல்லை. கையுறை போட்டுப் பழையதைத் தூக்கிப்போய் கார் பக்கத்தில் நின்ற அங்கிளின் காலடியில் வைத்தேன். ஆள் அசரவில்லை.

"எவ்ளோ பெரிய தொட்டி, அங்கிளுக்காக இது ஒன்னு தாங்காதா மா?"

கிள்ளானில் என் தப்பு

கிள்ளான்காரர் ஒருவர், "வெறும் செங்கல்தான் தங்கச்சி" என்றார். மழை. சோம்பேறித்தனத்தில் மேலே மட்டும் கிளறிவிட்டு, "ஓகே அண்ணே" என்றேன். கொட்டும் இடத்தின் காவலாளி என்னைப் போல இல்லை. செங்கற்களை நகர்த்திப் பார்த்தார். அடியில் பதினொரு தின்னர் டின். ஒன்றின் மூடி கழன்றிருந்தது. லோரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

கிள்ளான்காரருக்குப் போன் போட்டேன். "ஆத்தோரமா கொட்டிடுங்க லா, யாரு பாக்கப்போறா?" என்று வைத்துவிட்டார். அண்ணன் ஆற்றுப்பக்கம் பிரியும் சாலைக்கு முன் லோரியை நிறுத்தினார். என்னைத் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"கொட்டுனா லோரி போயிடும். கொட்டலன்னா இத எங்கதான் கொண்டு போறது?" என்றார்.

"எங்கேருந்து வந்துச்சோ அங்க."

மூடியை இறுக்கி, டின்களை நிமிர்த்தி வைத்தேன். தொட்டியை அதே வீட்டு கேட்டை அடைத்து இறக்கினோம். கார் உள்ளே, அவரும் உள்ளே. டின்களை எடுத்து, அவற்றை வாங்க உரிமம் உள்ளவர்களிடம் கொடுத்தால்தான் தொட்டியைத் தூக்குவோம் என்றேன். சாரோங்கோடு ஓடி வந்து கத்தினார்:

"பிள்ளைங்க விளையாடுற இடம் லா இது! தின்னர்னா என்னான்னு தெரியுமா உனக்கு?"

ஆற்றுக்கும் ஒரு கேட், நாலு பிள்ளைகள், வெளியே வந்து கத்த ஒரு வாய் இருந்திருந்தால் எனக்கு இந்தத் தொட்டி கிளறும் வேலையே கிடைத்திருக்காது.